ஒரு மூச்சு நேரம்

புற்றுக்கட்டியைச் சுடும் கார்பன் கதிர் பிறக்கிற கலத்தைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியதில் நீலவேணியின் நகக்கண்ணெல்லாம் கரி. முன்பு கதிர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நோயாளி அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். இன்று, அவள் மாற்றிக் கட்டிய கலத்திலிருந்து பாய்ந்து வந்து ஒரே மூச்சுக்குள் வேலையை முடித்துவிட்டது.

"முடிஞ்சிருச்சும்மா, மூச்ச விடுங்க," என்றாள் மைக்கில்.

கட்டிலில் கிடந்த பவுனம்மா விடவில்லை. முகம் இருண்டுகொண்டு வந்தது. நீலவேணி பதறி உள்ளே ஓடித் தோளை உலுக்கிய பிறகுதான் மூச்சு வெடித்து வந்தது.

"அதுக்குள்ளயா?"

"ஆமாம்மா. இனிமே எல்லாருக்கும் இவ்வளவுதான்." குரலில் பெருமை வழிந்தது.

பவுனம்மா எழுந்து உட்கார்ந்து விரிப்பைத் தடவினாள்.

"போன வருசம் எங்க வீட்டுக்காரரையும் இதுலதான் படுக்கப் போட்டாங்க. ரெண்டு பேருக்குமே குவாரித் தூசியால நெஞ்சுல வந்த கட்டிதான். இருமி இருமி அசையுறாரு, இவருக்கு ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

சொல்லிவிட்டு மறுபடி மூச்சை அடக்கினாள். தன்னை அறியாமல் நீலவேணியும் அடக்கிக்கொண்டாள்.

பவுனம்மா மெல்ல மூச்சை விட்டாள்.

"இவ்வளவு நேரம் அவரும் இருமாமக் கெடந்திருப்பாரேம்மா."