ஒரு வயிறும் நாலு பெயரும்

வலது கையின் மூன்று விரல்களும் மரத்துவிட்டிருந்தன. ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்த நேரத்திலிருந்து முப்பத்தெட்டு வயிறுகளை அமுக்கியாகிவிட்டது. இன்னும் இருபது பாக்கி.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகைப் பெஞ்சில் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரலை நுழைக்க வேண்டும். காய்ச்சல் ஊறிய பிள்ளைக்கு அங்கே மண்ணீரல் வீங்கி, பச்சை மாங்காய் மாதிரி தட்டும். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அதற்குக் கட்டி என்று பேர்.

முப்பத்தெட்டில் மூன்று பேருக்குத்தான் கட்டி. போன வருஷம் இதே பெஞ்சில் இருபத்தாறு.

எனக்கு அப்போதே உறுத்தியது. காய்ச்சல் அவ்வளவு மரியாதையாகத் தோட்டத்தை விட்டுப் போகாது.

டாக்டர் துரை நாற்காலியில் இருந்தார். மடியில் கட்டுரை. அதை மூன்று தடவை என் கையெழுத்தில்தான் நல்ல படி எடுத்திருந்தேன். ஓடையோரம் வடிகால் காண் வெட்டி, தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றியதால், கரங்கான் பக்கத்துத் தோட்டமொன்றில் காய்ச்சல் குறைந்தது என்று சொல்கிற கட்டுரை. லண்டன் வைத்தியப் பத்திரிகையார் ஒருமுறை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷக் கணக்குப் போதாது, இரண்டாம் வருஷமும் எண்ணிக் காட்டு என்று எழுதியிருந்தார்கள்.

அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் காலி. அது நிரம்பினால் கட்டுரை நாளைத் தபாலில் கப்பலுக்குப் போய்விடும்.

அச்சில் வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வில்லையான கொயினா கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரை சொல்லியிருந்தார். காய்ச்சல் இல்லாத தோட்டத்துக்கு மருந்துச் செலவு எதற்கு?

டாக்டருக்கு டிரசராக, கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் உதவியாளனாக இருந்த எனக்கும் ஒரு பங்கு இருந்தது. கட்டுரை போகிற அதே தபாலில், அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு என்னைச் சிபாரிசு செய்யும் கடிதமும் போகும்.

முப்பத்தொன்பதாவதாக மருதம்மாள் ஒரு பையனைத் தூக்கிவந்தாள். கோவணம். நெற்றி நிறையத் திருநீறு.

"பேரு?"

"வேலு, டிரசர் ஐயா."

விரலை வைத்தேன். பையன் களுக்கென்று சிரித்து, காலை உதைத்து, இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

ஐந்தாவதாக வந்த பாப்பாத்தியும் இப்படித்தான் பிடித்தாள். பதினெட்டாவதாக வந்த காளியம்மாளும். இருபத்தேழாவதாக வந்த ராக்காயியும்.

வேலுவின் குடுமியில், ராக்காயி கட்டியிருந்த அதே சிவப்பு நாடாவின் நுனி தெரிந்தது.

"ஏம்மா, ஆம்பளப் புள்ளைக்கு நாடா கட்டினது யாரு?"

"வேண்டுதலுங்க."

வரிசையில் யாரோ, "முருகன் எப்படி நாடா கேட்டாரு?" என்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

துரை தலையைத் தூக்கினார். "என்ன சத்தம், ஜெரார்ட்?"

"பிள்ளைக்குக் கூச்சம், துரை."

அவர் மறுபடி கட்டுரைக்குள் குனிந்தார்.

கூச்சமுள்ள பிள்ளையை எனக்குத் தெரிந்துவிட்டது. கூச்சமில்லாதவை எத்தனை தடவை இந்தப் பெஞ்சில் ஏறி இறங்கினவோ.

நானும் குனிந்தேன். "நெசத்தச் சொல்லு. கட்டி உள்ளதெல்லாம் எங்க?"

மருதம்மாள் துரையைப் பார்த்தாள். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஆயா பிச்சையம்மாகூட மரத்துக்காட்டுல ஒளிஞ்சிருக்குதுங்க. பதினொண்ணு. நீங்க எழுதிட்டா ஊருக்குக் கப்பலேத்திருவீங்கல்ல?"

அப்போதுதான் விளங்கியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பேர் எழுதுவதை இவர்கள் ஊரிலிருந்து வரும்போது துறைமுகத்துக் கூலி டிப்போவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே கட்டி உள்ளவர்களைத் தனியே நிறுத்திவிட்டு, மற்றவர்களைக் கப்பலேற்றினார்கள். மருதம்மாளின் மூத்த மகன் அப்படி நின்றுபோனவன். அதன்பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை.

போன வருஷம் நான் எழுதிய மறுமாதமே முருகையா குடும்பத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவனுக்கு நெஞ்சில் காசநோய், அதனால் அனுப்பினார்கள். லயம் பார்த்தது அவன் மகளின் கட்டியை.

இது கப்பல் கணக்கு இல்லம்மா என்று நான் சொன்னால் போதும். அரை மணியில் பதினொன்றும் பெஞ்சுக்கு முன்னால் நின்றிருக்கும். கட்டத்தில் வேறு எண் விழும். கட்டுரை தபாலுக்குப் போகாமல் பெட்டிக்குள் முடங்கும், அதோடு கடிதமும்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

அவள் முகம் தளர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லாயிருக்கணும் ஐயா."

வேலு, ஆண், ஐந்து வயது, கட்டி இல்லை என்று எழுதினேன்.

மீதிப் பத்தொன்பதில் ஒன்றுக்குத்தான் கட்டி. ஐம்பத்தெட்டில் நாலு. துரை கூட்டிப் பார்த்து, நூற்றுக்கு ஏழு என்று காலிக் கட்டத்தை நிரப்பினார்.

"பாகுஸ், ஜெரார்ட். பாகுஸ்" என்றார், மலாய்க்காரர்கள் பேஷ் சொல்கிற மாதிரி.

அவர் கையெழுத்துப் போட, நான் உறையை ஒட்டி அரக்கு வைத்தேன்.

கட்டுரை அச்சில் வந்தது. என்னை அலோர் ஸ்டாருக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் கொயினா நின்ற நாளிலிருந்து அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் தினம் ஆளுக்கு ஒரு வில்லை. அது நான் பட்ட கடன். இன்னும் தரவில்லை.