நூல் குஞ்சு

"இந்த வாட்டி தப்ப உடமாட்டேன்."

தண்டாயுதபாணி தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவப்பு நூலை இறுக்கினார். விசைத்தறியில் கழிந்த நூல். எடப்பாடி பெரிய ஏரியில் ஒரு விரால் அவருக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

மனைவி வசந்தாமணி டீயை வைத்துவிட்டு நின்றாள். "ஏரி செம்மண்ணாக் கலங்கிக் கெடக்குது. இது எப்படீங்க மீன் கண்ணுக்குத் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் தக்கைக்குள்ள பாசிமணி போட்டிருக்கறேன். இழுத்தா சத்தம் கேக்கும், நூலு குஞ்சாட்டம் துடிக்கும். விராலு பசிச்சு வாராது புள்ள, குஞ்சுக்கு ஆபத்துன்னு பாஞ்சு வரும்."

"தாயி வந்துருமுங்களா?"

"வராம? முள்ளுன்னு தெரிஞ்சாலும் வரும்."

மீனின் மனசு அவருக்கு அத்துப்படி. மகள் சௌந்தர்யா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தம்பி தனபாலுக்குப் போன் போட்டார். "பொழுதுக்குக் காரோட வா. அவள வரவெச்சர்றேன். வந்தா, உசுரோட திரும்பக் கூடாது."

சத்தமாகவே பேசினார். ஒளித்துப் பேச வீட்டில் யார் இருக்கிறார்கள்?

"பவானிக்குப் போயி கூடுதுறையில சாமி கும்புட்டுட்டு வாரேனுங்க" என்றாள் வசந்தாமணி. அவர் தலையைத் தூக்காமலே, "ம்" என்றார்.

பொழுது சாய்ந்ததும் தனபால் வந்தான். "அண்ணி எங்கீங்கண்ணா?"

"கோயிலுக்குப் போயிருக்கறா. அவ இல்லாம இருக்கறதே நல்லது."

எப்படியோ தேடிப் பிடித்து வைத்திருந்த மகளின் எண்ணை அழுத்தினார். போன் எடுக்கப்பட்டதும் அவர் குரல் தானாகவே தழுதழுத்தது. அந்த நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

"சாமி, அப்பன் பேசறேன். உங்கம்மாளுக்கு ரொம்ப முடியல. உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குது. உன்னையப் பாக்கோணும்னு அழுவறா. தனியா வா சாமி, பழசெல்லாம் நான் மறந்துட்டேன்."

மறுமுனையில் யாரோ விசும்பும் சத்தம். தனபாலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கடித்துவிட்டது.

விசும்பல் தூரப் போனது. போன் கை மாறியது போலிருந்தது.

"ஏனுங்க, நான் புள்ளகூடத்தானுங்க இருக்கறேன்."