பதினோரு எம்பி

மருத்துவமனையின் இணையப் பக்கம் பதினான்கு எம்பி கனம் இருந்தது. அதில் பதினொன்று அந்த வீடியோ மட்டும்.

முதல் நாளே அதைத்தான் தூக்கியிருக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த கத்துக்குட்டிக்குக்கூட அது தெரியும். அவன் பன்னிரண்டு வருடமாக இணையப் பக்கங்களோடு மாரடிக்கிறவன்.

ஆனாலும் அவன் மற்றதையெல்லாம் இளைக்க வைத்தான். மருத்துவர்களின் படங்களைச் சுருக்கினான். யாரும் சீந்தாத மூன்று எழுத்துருக்களைக் கழற்றி எறிந்தான். வரவேற்பறைப் பூந்தொட்டியின் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

மூன்று நாள் மாங்கு மாங்கென்று உழைத்ததில் இரண்டு எம்பி குறைந்தது.

நிர்வாகி மேசையருகே வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்க்கோடியிலிருந்து ஒரு பெண் எழுதியது. கணவருக்கு மூச்சு முட்டியபோது ஆம்புலன்ஸ் எண்ணுக்காகப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். அது திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்ததால் மனிதர் பிழைத்தார்.

“யானையை விட்டுட்டு எறும்பை எடை போட்டுட்டு இருக்கீங்களே தம்பி. அந்த வீடியோவை எடுத்துடுங்க.”

அவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

கடைசியாக ஒருமுறை வீடியோவை நசுக்கிப் பார்த்தான். தாழ்வாரத்தில் செவிலியர்கள் வரிசையாக நடந்து வருவார்கள். நான்காவதாக வருகிறவள் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு எம்பிக்குக் கொண்டுவந்தபோது எல்லாருக்கும் ஒரே முகமாகிவிட்டது. சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு அசைந்தது.

வீடியோவை எடுத்துவிட்டான்.

பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. உச்சியிலேயே ஆம்புலன்ஸ் எண், கொட்டை எழுத்தில். நிர்வாகி தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நல்ல வேலைதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எழுந்து போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

மறுநாள் காலை, அலுவலகப் படியில் கால் வைக்கும்போது போன் அடித்தது.

மாமனார். மகளை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு, இந்த ஏழு மாதத்தில், அவர் அழைப்பது இதுதான் முதல் முறை.

“மாப்பிள்ளை, உங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துல ஏதோ கோளாறு போல. தினம் காலையில அதைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருப்பேன். இங்க இருக்கிற சிக்னலுக்கு நாலஞ்சு நிமிஷம் ஆகும், அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு வந்துடுவா. இன்னைக்கு சட்டுன்னு திறந்துடுச்சு. அவளைக் காணோம்.”

தான் மட்டுமே பார்க்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

படியிலேயே உட்கார்ந்தான். ஏறுகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.



“அவசரமில்ல மாப்பிள்ளை. மெதுவா வந்தாலும் பரவாயில்ல. நான் காத்துட்டு இருக்கேன்.”