முறைக்கிறவள்

“வர்றவங்களை ஏன் முறைக்கிறே? இது மூணாவது புகார்!” முதலாளி எரிந்து விழுந்தார்.

“முறைக்கலை சார். கண்ணு தானா பிதுங்கிட்டு நிக்குது. தூங்கினாலும் முழுசா மூட மாட்டேங்குது. உள்ளே அழுத்துற மாதிரி வலி.”

“ஆயிரம் சாக்கு! நாளையிலேருந்து வராதே. போறப்ப அடுத்த ஆளை அனுப்பு.”

கைப்பையுடன் வெளியே வந்தவள், “பதினேழாம் நம்பர்” என்று கூப்பிட்டாள்.

எழுந்து வந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். “உனக்குத் தைராய்டு இருக்காம்மா? என் தங்கச்சிக்கும் இப்படித்தான் கண்ணு பிதுங்குச்சு. பார்வையே போயிடும்னாங்க. உடனே நல்ல டாக்டரைப் பாரு.”

“எட்டு மாசமா டாக்டர் எதிர்லதாம்மா நின்னுட்டிருந்தேன்.”

உள்ளிருந்து கண் மருத்துவரின் குரல் குழைந்து வந்தது. “வாங்கம்மா, கண்ணுக்கு என்ன பண்ணுது?”