ஸ்டேக்குக்குத் தொட்டுக்க என்ன?

"கேரட்டா? நான் கேரட் கேட்டேனா? மசிச்ச உருளைக்கிழங்கு கேட்டேன்!"

ஜன்னலோர மேஜைக்காரர் தட்டைத் தள்ளிய வேகத்தில் பட்டாணி ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. கண்டக்டர் குனிந்து அதைப் பொறுக்கினார்.

கண்டக்டர் என்பது பழைய வேலையின் பெயர். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மெஷின் வந்ததும் வேலை போய், ஐம்பது வயதுக்கு மேல் இந்த ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்து இன்றோடு மூன்றாவது நாள். நேற்று ஒரு மேஜை சூப்பை இன்னொரு மேஜையில் வைத்துத் தொலைத்துவிட்டார். "இனி ஒரு புகார் வந்தாலும் மறுநாள் வர வேண்டாம்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த மனுஷன் இப்போது கல்லாவில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் மெதுவா. இதோ மாத்திக் கொண்டு வந்துடறேன். மேனேஜர்கிட்ட மட்டும் போயிடாதீங்க..."

"மேனேஜர் எனக்கெதுக்கு? மாஸ்டர்கிட்ட கேளுங்க."

அவர் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. கையில் சிவப்புக் குஞ்சம் தொங்கும் ஒரு சாவிக்கொத்து. அதை உருட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததுகூடத் தெரியவில்லை.

இந்த ஹோட்டலில் ஸ்டேக் என்கிற வாட்டிய இறைச்சித்துண்டு வாங்கினால் கூட வைக்க இரண்டு சைடு டிஷ்ஷை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். எந்தப் புண்ணியவான் கொண்டுவந்த வழக்கமோ! இவர் கேட்டது மசித்த உருளைக்கிழங்கும் காளானும். மாஸ்டரோ தட்டு கொடுக்கும் ஜன்னல் வழியே ஆளை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், கேரட்டையும் பட்டாணியையும் வைத்து அனுப்பிவிட்டார்.

கண்டக்டர் தட்டோடு சமையலறைக்கு ஓடினார்.

"மாஸ்டர், அவர் கேட்டது வேற. நீங்க வச்சது வேற."

"தெரிஞ்சுதான் வச்சேன்." மாஸ்டர் திரும்பவே இல்லை. வெங்காயத்தின் மேல் கத்தி படபடவென்று விழுந்துகொண்டிருந்தது. "காய்கறியைக் கண்டாலே ஓடுற மூஞ்சி அது. சாப்பிடட்டும்."

"மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவீங்களா? ஐயோ, என் வேலை போயிடும் மாஸ்டர்!"

"அந்த உருளைக்கிழங்கு பசை மாதிரி இருக்கும், போஸ்டர் ஒட்டத்தான் லாயக்குன்னு போய்ச் சொல்லுங்க."

கண்டக்டர் பஸ்ஸில் எத்தனையோ ரகம் ரகமான ஆட்களோடு மல்லுக்கட்டியவர்தான். ஆனால் தன் சமையலைத் தானே பழிக்கும் ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

மேஜைக்குத் திரும்பி வந்தார்.

"சார், உருளைக்கிழங்கு இன்னிக்குப் பதம் சரியில்லையாம். பீன்ஸ் வைக்கவா? சோளம்?"

"மாஸ்டர் என்ன சொன்னாரோ, அதை அப்படியே சொல்லுங்க."

"பசை மாதிரி இருக்குமாம். போஸ்டர் ஒட்டத்தான் லாயக்காம்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு!

மேஜைக்காரர் கத்தவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"அப்படிச் சொன்னவன் வாய் புழுத்துப் போகட்டும்னு சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும். வேற எதுவும் வேண்டாம்."

மறுபடி ஓட்டம். 'ரெண்டு பேரும் என்னை நடுவுல போட்டுப் பந்தாடுறாங்களே' என்று பொருமிக்கொண்டே போனார். இந்தச் சாபத்தை மாஸ்டர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கதவோரமாகவே நின்றுகொண்டார். கரண்டி பறந்து வந்தால் குனியத் தோதாக இருக்கும்.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நான் வெறும் தபால்காரன். அப்படிச் சொன்னவங்க வாய் புழுத்துப் போகட்டுமாம்."

கத்தி நின்றது.

"அவரே சொன்னாரா? சிரிச்சுக்கிட்டா?"

"சிரிப்பா? பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கார்."

மாஸ்டர் வெந்த உருளைக்கிழங்கை எடுத்து, சூட்டோடு மசித்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் விட்டார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். இந்த வெங்காயம் யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டார் கண்டக்டர்.

"காளான், மாஸ்டர்?"

"காளான் கிடையாது. கேரட் இருக்கும். அதுல மாத்தமே இல்லை."

கேரட்டைப் பார்த்ததும் மேஜைக்காரர் பெருமூச்சு விட்டார். ஆனால் சாப்பிட்டார். உருளைக்கிழங்கை வழித்துச் சாப்பிட்டார். கேரட்டை மருந்து மாதிரி ஒவ்வொன்றாக விழுங்கினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"காரம் அதிகமா சார்?" பதறினார் கண்டக்டர்.

"இல்லைங்க. ரொம்ப நல்லா இருக்கு. தட்டைக் காலி பண்ணிட்டேன்னு சொல்லுங்க. கேரட்டையும்னு சொல்லுங்க."

கல்லாவிலிருந்து மேனேஜர் கைகாட்டிக் கூப்பிட்டார். "அங்க என்ன தகராறு?"

"தகராறே இல்லை சார். ரொம்ப நல்லா இருக்காம்!"

"சரி. நாளைக்குக் காலையில நேரத்தோட வந்துடுங்க."

கண்டக்டருக்கு அப்போதுதான் உயிரே வந்தது. காலித் தட்டைக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினார். "கேரட்டைக்கூட விடலை மாஸ்டர்! பில் போடச் சொல்லவா?"

மாஸ்டர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, சரிந்த கொண்டையை அள்ளி முடிந்துகொண்டார்.

"பில் அப்புறம். முதல்ல அந்தச் சிவப்புக் குஞ்சம் வச்ச சாவிக்கொத்தை வாங்கிட்டு வாங்க. வந்த விருந்தாளிங்க முன்னாடி என் உருளைக்கிழங்கைப் பசைன்னு சொன்னாரேன்னு, போன வாரம் அதை என் வீட்டுக்காரர் மூஞ்சியில வீசிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்."