துரைக்குச் சவரம்

டெர்வென்ட் ஆற்றங்கரைப் பண்ணை வீட்டின் ஜன்னலோரத்தில், காலை வெயிலுக்குக் கழுத்தை நீட்டி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறார் கிரிம்ஸ் துரை. கத்தியைத் தோல்வாரில் தீட்டுபவன் டார்பி, சர்க்கார் அவருக்குச் சம்பளமில்லாமல் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் கைதி. துரையின் வெள்ளி மூக்குப்பொடி டப்பியைத் திருடியதாக முந்தாநாள் மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பப்பட்டவன், தன்னந்தனியாக நடந்துபோய் ஐம்பது கசையடி வாங்கிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாடு பரிமாற நேரத்துக்குத் திரும்பியும் விட்டான். சீமையிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பும் இந்தத் தீவில் ஒழுங்குக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அவன் கை உயரும்போதெல்லாம் முதுகில் ஒட்டிய சட்டை மெல்லப் பிய்கிற சத்தம் கேட்கிறது. வெளியே ஓர் ஆடு இருமுகிறது. உள்ளறையில் துரைசானி, துரையின் கோட்டில் கிழிந்த உள்துணியைத் தைக்கிறாள். விடிந்ததும் அந்தக் கிழிசலுக்குள்ளிருந்துதான் டப்பி வந்தது. இப்போது அது துரையின் கால்சட்டைப் பையில் கிடந்து தொடையைச் சுடுகிறது.

"அசையாதீங்க துரை. முந்தாநாள் நான் அசையாமத்தான் நின்னேன். கட்டி வச்சிருந்தாங்க, அது வேற விஷயம்."

"டார்பி, அடுப்படியில டீ போட்டுக் குடிடா. சர்க்கரையும் போட்டுக்கோ."

கத்தி தொண்டைக்குழியில் நிற்கிறது.

"சர்க்கரையா? அப்போ டப்பி கெடச்சிருச்சுங்களா, துரை?"

உள்ளே தையல் ஊசியும் நின்றுவிடுகிறது. கழுத்தில் கத்தி இருக்கும்போது எவனால் தலையை ஆட்ட முடியும் என்று துரை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். டார்பி கத்தியை எடுத்துத் துடைத்து, மடக்கி, மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். துரை இன்னும் கழுத்தை நீட்டியபடி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.