புழு பிடிக்கிற புருஷன்

தட்சுரோ அன்றைக்கும் சேற்றில் மண்டியிட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத மனிதர், மனைவி மிட்சுயேவின் ஐரிஸ் பூச்செடிகளைத் தண்டு தண்டாகத் தடவிக்கொண்டிருந்தார்.

மிட்சுயேவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேநீர் வகுப்புத் தோழிகள் ஞாயிற்றுக்கிழமை பூப் பார்க்க வருகிறார்கள், முதல் தடவையாக அவள் வீட்டுக்கு. தண்டுப்புழுவோ மொட்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடந்து நடந்து, கடைசியில் மருந்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நகருங்க. இன்னைக்கு அடிச்சே தீருவேன்."

"வேண்டாம்மா. மழைத் தண்ணியோட போய் ஓடையில கலக்கும். மீனெல்லாம் செத்துப்போகும். நான்தான் கையாலயே எடுக்கறேன்ல?"

சின்னக் கத்தியால் ஒரு தண்டைக் கீறி, கொழுத்த புழுவைக் கம்பியால் இழுத்து, பாசி பரப்பிய தகர டப்பாவில் போட்டார். அதன் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"சாகப்போற புழுவுக்குக் காத்து எதுக்கு?"

"அதுவும் ஒரு உயிர்தானே," என்றார்.

மிட்சுயேவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைப் போய் கல்நெஞ்சக்காரர் என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறோம் என்று நினைத்தாள். பம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"தினமும் எடுக்கறீங்க. குறையவே மாட்டேங்குதே?"

"குறையும், குறையும். அவசரப்பட்டா ஆச்சா?"

ஞாயிற்றுக்கிழமை தோழிகள் வந்து நின்றபோது மிஞ்சியிருந்தது மூன்றே மூன்று பூ. மிட்சுயேவுக்கு அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலை நிமிர்ந்து சொன்னாள்.

"போனது போகட்டும். மருந்தே அடிக்காம இவர்தான் குனிஞ்சு குனிஞ்சு புழு எடுத்தாரு. இல்லேன்னா இதுவும் இருந்திருக்காது."

"கொடுத்து வெச்சவ நீ," என்றாள் ஒருத்தி. "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, டிவி முன்னாடி இருந்து எழுந்திருக்காது."

தட்சுரோ தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெரு ஓனுகி வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்தான். கையில் மூங்கில் இலையில் சுற்றிய மீன், தோளில் தூண்டில். தட்சுரோ கண்ணால் ஜாடை காட்டினார். ஓனுகிக்கு அதெல்லாம் என்றைக்குப் புரிந்திருக்கிறது?

"அண்ணி, இது உங்க பங்கு. அண்ணன் குடுக்கிற புழுன்னா மீனு வரிசையில நிக்குது."

மிட்சுயே சாய்ந்து கிடந்த தண்டுகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இவ்வளவு கொழுத்த புழு எப்படிய்யா கிடைக்குது இவருக்கு?"

"சின்னதைத் தொடவே மாட்டாரே அண்ணி, வளரட்டும்னு செடியிலேயே விட்டுடுவாரு."